சிட்டுவின் மடிக்கட்டி: ஒரு வேலூர்ப் பூனைக்குச் செய்த வைத்தியமும் செய்யாமல் விட்ட வைத்தியமும்

பதினோரு வயது, பெண், நாட்டுப் பூனை, மூன்று நிறம், எடை 3.4 கிலோ, கருத்தடை ஆபரேஷன் செய்யாதது, பல ஈத்து குட்டி போட்டது, இடது பக்கம் மூன்றாவது மடியில் கட்டி. சிட்டுவின் கேஸ் இவ்வளவுதான். தோட்டப்பாளையத்தில் இருக்கும் என் அத்தையின் பூனை அது. அத்தை ரிட்டயரான டீச்சர், மாமா இல்லை, மகன் பெங்களூரில். ரிப்போர்ட் படிக்கவும் டாக்டரிடம் பேசவும் ஆள் தேவைப்பட்டதால் நான் கூடவே அலைந்தேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி லேபில் வேலை பார்க்கிறவன் என்பதால், எண்களைப் பார்த்துப் பயப்படாத ஆள் நான் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நினைப்பு உண்டு.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் இரண்டே விதமாகத்தான் பேசுகிறார்கள். "பூனைக்குப் போய் கேன்சர் வைத்தியமா?" என்பது ஒன்று. "எவ்வளவு செலவானாலும் பாத்துடணும், அதுவும் உயிர்தானே" என்பது இன்னொன்று. இரண்டுமே கேள்வி என்னவென்று தெரிவதற்கு முன்னால் சொல்லப்படும் பதில்கள். வைத்தியம் பார்ப்பதா வேண்டாமா என்று ஒரே ஒரு முடிவு எங்களுக்கு வரவே இல்லை. சின்னச் சின்னதாகப் பல முடிவுகள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் வேறு தகவல் தேவைப்பட்டது, ஒன்றுக்குச் சரி என்று சொன்னதால் அடுத்ததற்கும் சரி என்று சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லத்தான் இது.

கட்டி

கார்த்திகை தீபம் முடிந்த வாரத்தில், மடியில் படுத்திருந்த பூனையின் வயிற்றைத் தடவும்போது பட்டாணி அளவில் ஏதோ ஒன்று அத்தையின் விரலில் உருண்டிருக்கிறது. தொட்டால் வலி இல்லை, சாப்பாடு குறையவில்லை, அதனால் யாரும் பதறவில்லை. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "பால் கட்டிக்கினு கீது டீச்சர், மல்லிப்பூவ வெச்சி கட்டுங்க, ரெண்டு நாள்ல கரைஞ்சிடும்" என்றார். சிரிக்க வேண்டாம். பிரசவமான பெண்களுக்குப் பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது நம் பக்கத்துப் பழக்கம்தான், இதே வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர்கள் அதை மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988-ல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார்கள், பூவும் வேலை செய்கிறது என்றுதான் முடிவு வந்தது. ஆனால் அது பால் சுரப்பைக் குறைக்கிற சங்கதி. சிட்டு கடைசியாகக் குட்டி போட்டு வருஷக்கணக்காகிவிட்டது. பாலே இல்லாத மடியில் பால் எங்கிருந்து கட்டும்?

பொங்கல் கழித்து கட்டி பட்டாணியைத் தாண்டிவிட்டது. வேலூரிலேயே ஒரு கால்நடை டாக்டரிடம் போனோம். அவர் பூனையைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட கேள்வி, சினைக்கு வராமல் இருக்க எப்போதாவது ஹார்மோன் ஊசி போட்டீர்களா என்பது. போடவில்லை. அந்த வகை ஊசி போட்ட பூனைகளுக்கும், முதல் சினையில் இருக்கும் இளம் பூனைகளுக்கும் மடி முழுக்க வீங்கிக்கொள்ளும் ஒரு நிலை உண்டாம், பார்த்தால் பயங்கரமாக இருக்கும், ஆனால் அது புற்றுநோய் இல்லை. குட்டிக்குப் பால் கொடுக்கிற பூனைக்கு மடியில் சீழ் பிடித்தால் சூடும் வலியும் இருக்கும். சிட்டுவுக்கு இரண்டும் பொருந்தவில்லை. "வயசான பூனை, கருத்தடை பண்ணாதது, கெட்டியான கட்டி. பூனைக்கு வர்ற மடிக்கட்டியில நூத்துக்கு 85, 90 புற்றுதாங்க. நாய்க்குன்னா பாதிக்குப் பாதின்னு தைரியம் சொல்லலாம், பூனைக்குச் சொல்ல முடியாது" என்றார். அளவுகோல் வைத்து அளந்தார்: 2.2 செ.மீ.

இந்த அளவு ஏன் முக்கியம் என்பதுதான் அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம். பூனையின் மடிப்புற்றில் எத்தனை நாள் தாங்கும் என்பதை மற்ற எதையும்விடக் கட்டியின் அளவு நன்றாகச் சொல்கிறது. 2 செ.மீ.க்குள் இருக்கும்போதே சுற்றுச் சதையோடு முழுசாக எடுத்துவிட்டால் பல பூனைகள் இரண்டு, மூன்று வருஷம் தாண்டி வாழ்கின்றன. 3 செ.மீ.யைத் தாண்டியபின் எடுத்தால் பாதிக்கு மேற்பட்டவை ஒரு வருஷத்தை எட்டுவதில்லை. சிட்டு இரண்டுக்கும் நடுவில் நின்றாள். யோசிக்க நேரம் இருக்கிறது, ஆனால் ஆடி மாசம் வரைக்கும் யோசிக்க நேரமில்லை.

முதலில் எக்ஸ்ரே

"ஆபரேஷன் எப்போ வெச்சிக்கலாம்?" என்று அத்தை கேட்டதும் டாக்டர் நிறுத்தினார். முதலில் நெஞ்சு எக்ஸ்ரே, அதுவும் மூன்று கோணத்தில். இடது பக்கம் படுக்க வைத்து ஒன்று, வலது பக்கம் படுக்க வைத்து ஒன்று, மல்லாக்க வைத்து ஒன்று. ஒரு பக்கமாகப் படுத்தால் கீழே இருக்கிற நுரையீரல் காற்றில்லாமல் அமுங்கிக்கொள்ளும், அதில் இருக்கிற புள்ளி படத்தில் விழாது. மடிப்புற்று பரவினால் பெரும்பாலும் நிணநீர் நெறிக்கும் நுரையீரலுக்கும்தான் போகும். நுரையீரலில் ஏற்கெனவே இருந்தால் வயிற்றைக் கீறுவதில் அர்த்தமில்லை, அப்புறம் பேச வேண்டிய பேச்சே வேறு. ஆக, செலவு குறைந்த ஒரு சோதனை பெரிய செலவையும் பெரிய வலியையும் தடுக்கக்கூடும். பல பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், கட்டியை எடுத்தபின் மூச்சு வாங்குகிறது என்று எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.

படத்தில் ஒன்றும் தெரியவில்லை. சில மில்லிமீட்டருக்கும் சின்னதான புள்ளி எக்ஸ்ரேயில் தெரியாது என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. தொடை இடுக்கு நெறியில் ஊசி குத்திப் பார்த்ததிலும் புற்றுச் செல் இல்லை.

ரத்தத்தில்தான் சிக்கல். கிரியேட்டினின் 1.9. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு அது, ரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் பழுது என்று அர்த்தம். சிறுநீரின் அடர்த்தி 1.028, பூனைக்கு அது நீர்த்த சிறுநீர். பூனைகளின் சிறுநீரக நோயை நாலு கட்டமாகப் பிரிக்கிறார்கள், கிரியேட்டினின் 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் கட்டம். வயசான பூனைகளுக்கு இது சர்வ சாதாரணம், சாப்பாட்டையும் தண்ணீரையும் கவனித்துக்கொண்டால் வருஷக்கணக்கில் ஓட்டலாம். கொஞ்ச நாளாகச் சிட்டு துணி ஊற வைத்த பக்கெட்டில் எல்லாம் வாய் வைத்துத் தண்ணீர் குடித்ததற்குக் காரணம் இதுதான். தனியாகப் பார்த்தால் பெரிய விஷயமில்லாத இந்த 1.9, பின்னால் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த ஊரில் கேன்சர்

வேலூரில் கேன்சர் என்ற பேச்சுக்கு ஒரு தனி எடை உண்டு. அத்தை வீட்டு மாடியில் இரண்டு அறை, பல வருஷமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குத்தான் வாடகை. கல்கத்தா பக்கம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து மாசக்கணக்கில் தங்குவார்கள். சட்டி பானை, மண்ணெண்ணெய் ஸ்டவ் என்று இருந்த காலத்திலிருந்து இண்டக்‌ஷன் அடுப்பு வரை அத்தை பார்த்திருக்கிறார். (வங்காளிக் குடும்பம் வந்தால் சிட்டுவுக்கு மீன் தலைக்குப் பஞ்சமில்லை, அதற்காகவே அவர்கள் காலி செய்யும்போது அவள் படியில் உட்கார்ந்து மறிப்பாள்.) கீமோ முடித்துப் படியேற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து, கேன்சர் வைத்தியம் என்றால் இப்படித்தான் என்று அத்தைக்கு ஒரு படம் பதிந்துவிட்டது. அதனால் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பேசத் தெரிஞ்ச மனுசங்களே தாங்க மாட்டேங்கறாங்க. வாயில்லா ஜீவனுக்கு அது வேணாம்பா."

மச்சான் பெங்களூரிலிருந்து போனில், "காசப் பத்தி யோசிக்காத, என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் பண்ணச் சொல்லு" என்றார். அத்தை போனை வாங்கி, "காசு குடுக்கறது நீ, கத்தி படறது அது" என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டு பேர் பேச்சிலும் பாசம் குறைவில்லை. ஆனால் இரண்டு பேரும் மனுஷ வைத்தியத்தை மனசில் வைத்துக்கொண்டு பேசினார்கள். மனுஷருக்கு முழுக் குணம் என்ற இலக்கை வைத்து, உடம்பு தாங்குகிற எல்லை வரை மருந்தை ஏற்றுகிறார்கள், ஏனென்றால் இன்னும் முப்பது வருஷம் கிடைக்கலாம், அந்தக் கணக்கை நோயாளியும் புரிந்துகொண்டு பல்லைக் கடித்துக்கொள்கிறார். பூனைக்கு அப்படி ஏற்றுவதில்லை. மருந்து அளவே குறைவு, நன்றாக இருக்கும் நாட்களைக் கூட்டுவதுதான் நோக்கம், ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்கு அவதிப்படுவது சிறு பங்குதான். பூனைக்கு மொட்டையும் விழாது, மீசை உதிரும், அவ்வளவுதான். ஆக அத்தையின் பயம் பாதி சரி, மச்சானின் நம்பிக்கையும் பாதி சரி.

ஆபத்தான விஷயம் ஒன்று இருக்கிறது, இந்த ஊருக்காகவே சொல்ல வேண்டியது. வேலூரில் நர்ஸோ லேப் டெக்னீஷியனோ மருந்துக்கடைக்காரரோ இல்லாத சொந்தபந்தம் கிடையாது. "மருந்து ஒண்ணுதானே, நான் வாங்கித் தரேன்" என்று எங்களுக்கும் ஒருவர் வந்தார், நல்ல மனசோடுதான். மனுஷருக்குப் பல புற்றுகளில் கைகொடுக்கிற சிஸ்பிளாட்டின் பூனைக்கு ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து உயிரே போய்விடும். ஃப்ளூரோயுராசில் என்பதும் அப்படியே, நரம்பைத் தாக்கும், தோலில் தடவுகிற களிம்பாக இருந்தால்கூடப் பூனை நக்கினால் ஆபத்து. அவ்வளவு தூரம் போவானேன், காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் ஒரு மாத்திரை போதும் ஒரு பூனையைக் கொல்ல, அதை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் ஈரலால் சரியாகச் செய்ய முடியாது. வலியில் கிடக்கிறதே என்று பாவம் பார்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

வழிகள்

டாக்டர் வைத்த வழிகளில் முதலாவது, ஒன்றும் செய்யாமல் வலிக்கு மட்டும் பார்ப்பது. இதை அவர் குறைத்துப் பேசவில்லை, கிழட்டுப் பூனைக்கு அதுவும் நியாயமான முடிவுதான் என்றார். ஆனால் மடிக்கட்டியை அப்படியே விட்டால் அது வளர்ந்து தோல் உடைந்து புண்ணாகும், பூனை அதை நக்கிக்கொண்டே இருக்கும், நம் ஊர் வெயிலுக்கும் ஈக்கும் அதில் புழு வைக்கும். அத்தை மனசு மாறியது இந்த இடத்தில்தான். எத்தனை மாசம் கூடுதலாகக் கிடைக்கும் என்ற கணக்கு அவரை அசைக்கவில்லை. புண் வேண்டாம் என்றார், அவ்வளவுதான்.

இரண்டாவது, கட்டியை மட்டும் நோண்டி எடுப்பது. வேலூரிலேயே சுருக்கமாக முடியும், செலவும் குறைவு. பூனைக்கு ஒவ்வொரு பக்கமும் நாலு மடி, ஒரு பக்கத்து மடிகளுக்குள் நிணநீர்ப் பாதைகள் பின்னிக் கிடக்கும் என்பதால் கட்டியை மட்டும் எடுத்தால் அதே வரிசையில் திரும்ப வருகிற வாய்ப்பு மிக அதிகம். இன்னொரு தடவை மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும், அந்தச் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு. மலிவாகத் தெரிந்த இந்த வழியைத்தான் நாங்கள் முதலில் தள்ளினோம்.

மூன்றாவது, இடது பக்க வரிசை முழுவதையும் இடுக்கு நெறியோடு சேர்த்து எடுப்பது. நாலாவது, அது ஆறியபின் சில வாரம் கழித்து வலது வரிசையையும் எடுப்பது. அதற்கும் மேலே கீமோ.

இந்த நேரத்தில் எல்லோரும் கேட்கிற ஒரு கேள்வி உண்டு: "உங்க வீட்டுப் பூனையா இருந்தா என்ன டாக்டர் பண்ணுவீங்க?" எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. டாக்டர் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கும் ஊசி போட ஆள் இருக்கிறது, நம் வீட்டில் இல்லை. நான் வேறு மாதிரி கேட்டேன். ஆபரேஷன் நல்லபடியாகப் போனால் முதல் வாரம் இவள் எப்படி இருப்பாள், மூணாம் மாசம் எப்படி இருப்பாள்? நல்லபடியாகப் போகவில்லை என்றால் அதே முதல் வாரம் எப்படி இருக்கும்? முதல் நாலைந்து நாள் வலியும் சுணக்கமும், தையல் பிரிக்கும்வரை துணி கட்டி வைத்திருக்கணும், மூணாம் மாசம் ஆபரேஷன் நடந்த ஞாபகமே அவளுக்கு இருக்காது. கெட்டுப்போனால் தையல் பிரியும், சிறுநீரகம் இன்னும் படுக்கும், சாப்பாட்டை நிறுத்துவாள், பூனை சில நாள் சேர்ந்தாற்போலப் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே தனி வியாதி ஆகிவிடும். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு அத்தையால் முடிவெடுக்க முடிந்தது. ஒரு பக்கம் எடுப்பது. அதற்கு மேல் அப்புறம் பார்க்கலாம்.

வேப்பேரி

மயக்கத்துக்கு ஐசோஃப்ளூரேன் வாயு, ஆபரேஷன் முழுக்கச் சலைன், ரத்த அழுத்தம் பார்க்க ஒரு ஆள், சிறுநீரகம் பழுதான பூனைக்கு இதெல்லாம் வேண்டும் என்பதால் வேலூர் டாக்டர் சென்னைக்குப் போகச் சொல்லிவிட்டார். 1903-ல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி, வேப்பேரி. தனியாரோடு பார்த்தால் கட்டணம் கம்மி, கூட்டம் ஜாஸ்தி, எடுத்த சதையைப் பரிசோதிக்கிற நோய்க்குறியியல் துறையும் அதே வளாகத்தில். நமக்கு 140 கிலோமீட்டர். பூனைக்குப் பயணமே பாதி வியாதி, அதனால் புறப்படுவதற்கு முன்னால் கொடுக்க, பதற்றம் தணிக்கிற காபாபென்டின் என்ற மருந்தை எழுதித் தந்திருந்தார்கள், வாலாஜா டோல்கேட் வரை கத்திவிட்டுத் தூங்கிப்போனாள்.

ஆபரேஷன் நடந்தது. நாலு மடியும் நெறியும் ஒரே பட்டையாக வந்தன. அதை மொத்தமாக ஃபார்மலினில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இது விடக்கூடாத செலவு, எடுத்தாச்சே இனி எதற்கு டெஸ்ட் என்று குப்பையில் போட்டால் அடுத்த முடிவுக்குக் கையில் ஒன்றும் இருக்காது. கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் கூம்பைச் சிட்டு ஒரே நாளில் உடைத்துவிட்டாள். பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த பனியனில் நாலு ஓட்டை போட்டு மாட்டிவிட்டார் அத்தை, அது நின்றது. மாட்டிய முதல் நாள் முழுக்கச் சிட்டு பின்னங்காலைத் தரையில் ஊன்றமாட்டேன் என்று நாடகம் ஆடினாள்.

கிரியேட்டினின் 2.3-க்கு ஏறி, அப்புறம் 2.1-ல் நின்றது.

ரிப்போர்ட் வந்தது: சுரப்பிப் புற்று, வீரியத்தில் இரண்டாம் தரம், வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை, நெறியில் இல்லை, ஆனால் ஓர் இடத்தில் நிணநீர்க் குழாய்க்குள் புற்றுச் செல்கள் தெரிகின்றன. முதல் மூன்றைப் படித்து நிம்மதிப்பட்டால் நாலாவது வரி அதைப் பறித்துக்கொண்டது. ஓரம் சுத்தம் என்றால் அந்த இடத்தில் மிச்சமில்லை என்று அர்த்தம். குழாய்க்குள் இருக்கிறது என்றால் வெட்டுவதற்கு முன்னாலேயே சில செல்கள் புறப்பட்டுப் போயிருக்கலாம்.

கீமோ வேண்டாம் என்றது

இந்த நாலாவது வரிக்குத்தான் கீமோ. மருந்து டாக்ஸோரூபிசின், மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாலைந்து தடவை, நரம்பில். அத்தைக்கு அந்த மருந்து தெரியும், மாடிக்காரர்கள் சொல்லும் செவப்பு ஊசி. நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையை அழுகடித்துவிடும் என்பதும் தெரியும்.

எதிராக நின்றவை பல. பூனையில் இந்த மருந்து சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும், ஏற ஏற அந்தக் கெடுதல் சேர்ந்துகொண்டே போகும், இவளுக்கு அங்கேதான் பழுது. கார்போபிளாட்டின் என்று மாற்று உண்டு, அதுவும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பலன் எவ்வளவு என்று பார்த்தால், ஆபரேஷனோடு கீமோவும் கொடுத்த பூனைகள் கூடுதல் நாள் இருந்ததாகச் சில ஆய்வுகள், பெரிய வித்தியாசம் இல்லை என்று சில. எல்லாம் பழைய கேஸ் ஷீட்டுகளைத் திரும்பிப் பார்த்து எழுதியவை, கீமோவுக்குப் பொறுக்கி எடுக்கப்பட்ட பூனைகள் முதலிலேயே கொஞ்சம் திடமானவையாக இருந்திருக்கும் என்ற சந்தேகம் அவற்றை விட்டுப் போகாது.

இன்னொரு காரணம் வீட்டுக்குள் இருந்தது. அத்தை பெண் ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கீமோ ஏற்றிய பூனையின் மூத்திரத்திலும் மலத்திலும் சில நாளைக்கு மருந்து வரும், கையுறை போட்டுத்தான் மண் தட்டை அள்ளணும், கர்ப்பிணி அந்தப் பக்கமே போகக்கூடாது. சாதாரண நாளிலேயே கர்ப்பிணிகள் பூனை மலத்தைத் தொடாமல் இருப்பது நல்லது, ஆனால் அதற்குக் கை கழுவலும் இன்னொருவர் அள்ளிப்போடுவதும் போதும். சோபா, கட்டில், மிதியடி என்று எங்கேயும் படுத்து எங்கேயும் சொட்டு விடுகிற கிழட்டுப் பூனையை அந்த மருந்தோடு அந்த வீட்டில் வைத்திருப்பது நடக்காத காரியம். அத்தை பெண்ணே "எனக்காக வேணாம்னு சொல்லாதீங்க, நான் வேணா எங்க வீட்டுக்குப் போயிடறேன்" என்றாள். கூட்டிக் கழித்துப் பார்த்தால், அவள் போனாலும் சிட்டுவின் சிறுநீரகப் பழுது போகாது. டாக்ஸோரூபிசின் வேண்டாம் என்று முடிவானது, சொன்னவர் அத்தை, ஒத்துக்கொண்டவர்கள் டாக்டரும் நானும், ஒத்துக்கொள்ளாதவர் மச்சான்.

வலது வரிசையையும் எடுப்பது பற்றிப் பேச்சு வந்தபோது கிரியேட்டினின் 2.1. கட்டியே இல்லாத பக்கத்துக்காக இன்னொரு தடவை மயக்க மருந்தா? எடுத்தால் அந்தப் பக்கம் புதுசாக வராது என்பது உண்மை. ஆனால் இவளுக்கு ஆபத்து புதுக் கட்டியிலா, ஏற்கெனவே புறப்பட்டுப் போன செல்களிலா என்று பார்த்தால் ரிப்போர்ட்டின் நாலாவது வரி இரண்டாவதைத்தான் காட்டியது. எடுக்க வேண்டாம், ஆனால் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கணும் என்று முடிவு. தேதி மறக்காமல் இருக்க அத்தை அமாவாசைக்கு அமாவாசை வலது பக்க நாலு மடியையும் விரலால் உருட்டிப் பார்ப்பார், மூன்று மாசத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே.

ஓடிய காலம்

அந்த வருஷம் முழுக்க எழுத ஒன்றுமில்லை, அதுதான் நல்ல சேதி. குழந்தை பிறந்தது. அக்னி நட்சத்திரத்தில் ஈரத்துணி போட்ட மண் தொட்டிமேல் படுத்துக் கிடந்தாள் சிட்டு. உப்பு ஏறிய கருவாடு நிறுத்தப்பட்டது, அதற்கு மட்டும் அவள் யாரையும் மன்னிக்கவில்லை. கிரியேட்டினின் 2.1, 2.2 என்றே நின்றது.

அடுத்த பங்குனியில் எடை 2.8. சாப்பிட உட்காருவாள், இரண்டு வாய் நக்கிவிட்டு எழுந்துபோவாள். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணச் சொல்லி டாக்டர் முன்பே பழக்கியிருந்தார். தூங்குகிற பூனைக்கு நிமிஷத்துக்கு முப்பதுக்குள் இருக்கணும், இவளுக்கு 44. எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றி நீர். ஊசி வைத்து எடுத்ததும் ஓடிப்போய்ச் சாப்பிட்டாள், நீரில் புற்றுச் செல்கள் இருந்தன, சில நாளில் திரும்பக் கோத்துக்கொண்டது.

கடைசி முடிவை அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசிக்கவில்லை, அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் செல்லப் பிராணிகளுக்கு ஒரு மதிப்பெண் பட்டியல் செய்திருக்கிறார்: வலி, பசி, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயம், ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க், 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். மூச்சு விடமுடியாத வேதனையும் வலி என்ற தலைப்பிலேயே வருகிறது. டீச்சருக்கு மார்க் போடுவது கைவந்த கலை, தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுவந்தார், பாரபட்சம் பார்த்துக் கூடுதலாகவே போட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதோடு மூன்று நிபந்தனையும் ஆபரேஷன் காலத்திலேயே பேசி வைத்திருந்தோம். பசி மாத்திரை கொடுத்தும் இரண்டு நாள் தொடர்ந்து வாயில் வைக்கவில்லை என்றால், மண் தட்டு வரைக்கும் நடக்க முடியவில்லை என்றால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால். பூனை வாயைத் திறந்து மூச்சு விடுகிறது என்றால் அது கடைசிக் கட்ட அவசரம், நாய் மாதிரி வெயிலுக்கு இளைப்பது பூனையில் அபூர்வம்.

"உயிர எடுக்க நாம யாருப்பா?" என்று அத்தை கேட்டார். டாக்டர் தத்துவம் பேசவில்லை. விட்டால் எப்படிப் போவாள் என்று சொன்னார், தண்ணீரில் மூழ்குகிற மாதிரி, ஒருவேளை ராத்திரி, ஒருவேளை பல மணி நேரம். சித்திரை பிறந்து சில நாளில் வாய் திறந்தது. டாக்டர் வீட்டுக்கே வந்தார், முதலில் தூங்க வைக்க ஊசி, அப்புறம் மற்றது.

மச்சானோடு விவாதம் இன்னும் முடியவில்லை. வலது பக்கத்தையும் எடுத்திருக்கணும் என்று ஆரம்பத்தில் சொல்லிவந்தார், அதை இப்போது விட்டுவிட்டார், ஏனென்றால் கடைசி அமாவாசை வரைக்கும் அந்தப் பக்கத்தில் எதுவும் வரவில்லை, நுரையீரலுக்குப் போனது இடது பக்கத்துச் சரக்குதான். செவப்பு ஊசியை மட்டும் விடமாட்டேன் என்கிறார். கொடுத்திருந்தால் இன்னும் ஆறு மாசம் இருந்திருப்பாள் என்பது அவர் வாதம். அந்தச் சிறுநீரகத்தோடு அதே ஆறு மாசம் முன்னதாகவே போயிருப்பாள் என்பது என் வாதம், 2.3-ஐத் தொட்ட அந்த ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுவேன். அத்தை இந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. சிட்டுவின் கடைசி ஈத்தில் பிறந்து அதே வீட்டில் வளர்கிற பெண் பூனை மாடியிலேயே ஒரு குட்டி போட்டுவிட்டது. ஆறு மாசத்துக்குள் கருத்தடை செய்தால் மடிப்புற்று வாய்ப்பு 91 சதவீதம் குறையும், ஒரு வயசுக்குள் என்றால் 86, இரண்டு வயசு தாண்டினால் அந்தப் பலன் ஏறக்குறைய இல்லை என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, தாய்க்கு இனி குட்டி வேண்டாம் என்பதற்காகவும் குட்டிக்கு இதற்காகவும் என்று இரண்டையும் ஒரே கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு போகத் தேதி வாங்கியிருக்கிறார்.